ஒட்டோ கியர் உள்ள கெப்பில் கியர் ஒழுங்காக மாறவில்லையா? கியர்ப் பெட்டியைக் கழற்றுமுன் இதைப் பாருங்கள்

என் பழைய டபுள் கெப்புக்கு டீசல் பம்ப் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த இரண்டாவது நாளே, ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது பின்னால் யாரோ இடித்தது மாதிரி ஒரு குத்து. கொண்டுபோன முதல் கராஜில் ஒழுங்கை முனை வரைக்கும்கூட ஓட்டிப் பார்க்கவில்லை, "பெட்டி முடிஞ்சு அண்ணே, பஞ்சிகாவத்தையில ஒரு ரீகண்டிஷன் பாப்பம்" என்றார்கள் (பஞ்சிகாவத்தை என்றால் கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கிற இடம்). கடைசியில் பெட்டியில் ஒன்றுமே இல்லை. பம்ப் வேலைக்காகக் கழற்றிப் பூட்டிய திரொட்டில் கேபிள் அளவுக்கு மீறி இழுபட்டிருந்தது, இரண்டு நட்டைத் திருப்பியதும் குத்து போய்விட்டது.

ஆகவே முதல் தவறு, கோளாறு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டியில் எதில் கைவைத்தோம் என்று யோசிக்காமல் விடுவது.

இந்தக் கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பழைய பெட்டி பலதைக் கொன்றது இதுதான். நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதை அது பெட்டிக்குச் சொல்கிறது, அதற்கேற்ப உள்ளே ஒயில் அழுத்தம் கூடிக் குறைகிறது. கொம்பியூட்டர் இல்லாமல் முழுக்க ஒயில் அழுத்தத்திலேயே இயங்கும் ஹைட்ரோலிக் பெட்டிகளில் கியர் எப்போது மாறவேண்டும் என்பதும் அதன் கையில்தான். அதிகம் இழுபட்டிருந்தால் குத்து. தளர்ந்திருந்தால் மாற்றம் பஞ்சு போல மெதுவாக இருக்கும், ஓட்டுகிறவருக்கு சுகம்தான், ஆனால் அழுத்தம் போதாமல் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கி வழுக்கிக் கருகும். குத்துக் குறையட்டும் என்று வேண்டுமென்றே கேபிளைத் தளர்த்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். டொயோட்டாவின் ஏ340 வகைப் பெட்டிகளில் கேபிள் இருந்தால், பெடலை முழுக்க மிதித்த நிலையில் ரப்பர் உறையின் முனைக்கும் கேபிளில் நசுக்கிய தடுப்புக்கும் இடையில் 0 முதல் 1 மில்லிமீற்றர் இடைவெளி, அவ்வளவுதான்.

அடுத்தது ஒயில். காலையில் என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமலே டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து "குறைவு" என்று அரை லீற்றர் ஊற்றுவது எங்கள் ஊர்ப் பழக்கம். என்ஜின் ஒயிலுக்கு அது சரி. டொயோட்டா மாதிரியான பெட்டிகளில் ஒயில் 70, 80 பாகை சூட்டுக்கு வரவேண்டும் (காலி வீதி நெரிசலில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய்வந்தால் தாராளமாக வரும்), சமதளத்தில் என்ஜின் ஐட்லில் ஓடவேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை எல்லாத் தெரிவிலும் ஒருமுறை போட்டு பார்க்கிங்குக்குக் கொண்டுவந்து, பிறகுதான் சூடான அளவுக்கான கோட்டைப் பார்ப்பது. எல்லாக் கம்பனிக்கும் இதே முறை இல்லை, கையேட்டைப் பாருங்கள். ஒயில் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், கூடினால் நுரைக்கும், இரண்டிலும் கியர் வழுக்கும். அப்புறம், சிவப்பாக இருந்தால் எல்லாம் ஒரே ஒயில் என்கிற நம்பிக்கையையும் விடுங்கள். டெக்ஸ்ரொன் என்கிற கியர்ப் பெட்டி ஒயில் வகையைக் கேட்கிற பழைய பெட்டிக்கும், புது வண்டிகளுக்கு வருகிற மெல்லிய ஒயிலுக்கும் சம்பந்தமில்லை.

ஒயில் பலூடா நிறத்தில் பால் மாதிரி இருந்தால் ரேடியேட்டரின் உள்ளே இருக்கிற ஒயில் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்துவிட்டது. அதோடு ஒரு கிலோமீற்றர்கூட ஓட்டாதீர்கள்.

நான்காவது கியர் விழவில்லை என்று வருகிறவர்களில் சிலருக்கு லீவரில் உள்ள ஓவர்டிரைவ் (நான்காவது கியர்) பட்டன் தெரியாமல் அமத்துப்பட்டிருக்கும். சிரிக்காதீர்கள், எனக்கும் நடந்தது. இன்னொரு சங்கதி தெர்மோஸ்டாட். சூடு ஏறக்கூடாது என்று அதைக் கழற்றி எறிவது இங்கே வைத்தியம் மாதிரி நடக்கிறது. ஆனால் என்ஜின் போதிய சூட்டுக்கு வரும்வரை பல பெட்டிகள் ஓவர்டிரைவையும் லொக்அப்பையும் (என்ஜினையும் பெட்டியையும் வழுக்காமல் பூட்டுவது) அனுமதிக்காது. அதிகாலையில் அதிவேகப் பாதையில் என்ஜின் கத்திக்கொண்டே போனால் முதலில் அங்கே பாருங்கள்.

டி-யில் போடும்போது மட்டும் அடித்தால் ஐட்ல் கூடியிருக்கலாம், மவுண்ட் கிழிந்திருக்கலாம், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜொயிண்ட் ஆடலாம். பெட்டியின் மேல் பழி போடுவதற்கு முன் வண்டிக்குக் கீழே ஒருமுறை படுத்துப் பார்ப்பதில் செலவு ஒன்றுமில்லை.

ஓ/டி ஓஃப் (ஓவர்டிரைவ் நிறுத்தம்) விளக்கு தானாக மினுங்கினால் அது பெட்டியின் முறைப்பாடு. 90களின் ஏ340 இலத்திரனியல் பெட்டிகளில் கோளாறு கோட் 62, 63 என்று வந்தால் கியர் மாற்றும் சொலினொயிட் (மின்சார வால்வு) இரண்டின் மின்சுற்று, 42, 61 என்றால் வேக சென்சர். இங்கேயும் அவசரம் கெடுக்கும். கோட் சொல்வது சுற்றைத்தான், சாமானை அல்ல. மழைத் தண்ணீரில் பாசி பிடித்த பிளக்கும் அதே இலக்கத்தைத்தான் காட்டும். மீற்றர் வைத்துப் பாருங்கள், நல்ல சொலினொயிட் 11 முதல் 15 ஓம் காட்டவேண்டும்.

அதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது, அதை யாரும் செய்வதில்லை. சொலினொயிட் பிளக்கைக் கழற்றிவிட்டு ஆளில்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டுங்கள். இந்த வகைப் பெட்டியில் எல் தெரிவில் முதல் கியர், 2 தெரிவில் மூன்றாவது, டி-யில் நான்காவது வரவேண்டும். இவை வழுக்காமல் வந்தால் உள்ளே இருக்கிற இரும்பு பெரும்பாலும் நலம், கோளாறு வயரிலோ கொம்பியூட்டரிலோ சென்சரிலோ. வராவிட்டால்தான் அழுத்தம் பார்க்கிற கேஜ் உள்ள மெக்கானிக் பாஸ் ஒருவரைத் தேடவேண்டும்.

ஒயில் கறுத்துக் கருகல் மணமடித்து, அடித்தட்டைக் கழற்றினால் பிளேட்டின் கறுப்புத் துகளும் இரும்புத் தூளும் குவிந்திருந்தால் பெட்டி உண்மையிலேயே போய்விட்டது, இனிப் புது ஒயிலால் அதை எழுப்ப முடியாது. அப்போது பஞ்சிகாவத்தைக்குப் போங்கள், ஆனால் என்ஜினுக்கும் பெட்டிக்கும் இடையில் இருக்கிற பழைய டோர்க் கொன்வெர்ட்டரை அப்படியே திரும்பப் பூட்டவும் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவாமல் விடவும் சம்மதிக்காதீர்கள், முன்னைய பெட்டியின் தூள் முழுவதும் அங்கேதான் தங்கியிருக்கும்.