'கம் எ க்ராப்பர்' வந்தா முதல்ல ஆளைப் பாருங்க

இங்கிலீஷ்ல எங்கயாவது 'கம் எ க்ராப்பர்' (come a cropper)னு வந்தா உடனே டிக்‌ஷனரி தேடாம, அந்த வாக்கியத்துல யாரைப் பத்தி பேசுறாங்கன்னு பாருங்க. குதிரையிலயோ சைக்கிள்லயோ போற ஆள்னா நிஜமாவே தடால்னு விழுந்துட்டார், கம்பெனி, திட்டம், கட்சி மாதிரி எதாவதுன்னா மண்ணைக் கவ்விடுச்சு, அவ்ளோதான்.

ஏன்னா இது 19ஆம் நூற்றாண்டு பிரிட்டன்ல குதிரை ஓட்டுறவங்க தலைகுப்புற விழுறதைச் சொன்ன பேச்சு, அப்புறம் மெல்ல மெல்ல எல்லாத் தோல்விக்கும் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு அர்த்தத்துலயும் நல்லா போயிட்டிருந்தது திடீர்னு கவுந்துச்சுங்கற தொனி இருக்கும், அதனால வருஷக்கணக்கா மெதுவா நொடிச்சுப் போற பிசினஸுக்கு இது அவ்ளோவா ஒட்டாது.

விளையாட்டுச் செய்தியில மட்டும் இந்த ட்ரிக் காலை வாரும். சைக்கிள் ரேஸ்காரர் விழுந்தும் இருக்கலாம், தோத்தும் இருக்கலாம், அதனால அடுத்து வர்ற வார்த்தையையும் பாருங்க, வளைவு, ஈர ரோடுன்னு எதாவது இருந்தா விழுந்ததுதான்.

அடி படுறதைச் சொல்ற இன்னொரு பேச்சு 'இன் த வார்ஸ்' (in the wars), அதுக்கு இந்த ட்ரிக் செல்லாது, அது சின்னச் சின்ன அடி காயத்தோட நிக்கிற ஆளை, முக்கியமா குழந்தைங்களை, செல்லமா கேக்குறது. ரெண்டுமே பிரிட்டிஷ்காரங்க சாதாரணமா பேசுறப்ப சொல்றது. ஆபீஸ் ரிப்போர்ட்லயோ, பெரிய விபத்துல சிக்குனவங்களைப் பத்தியோ எழுதுறப்ப போட்டுடாதீங்க, கிண்டல் பண்ற மாதிரி ஆயிடும்.