கைக்கு முன்னால் இருக்கை: குதிரையோடு பேசப் பழகுதல்

ஓசூரை அடுத்த மத்திகிரியில் ராணுவத்திற்குக் குதிரை வளர்க்கவென்று 1824ஆம் ஆண்டில் தொடங்கிய பண்ணைதான் இன்றைய அரசு கால்நடைப் பண்ணை. ஆகவே இந்த வட்டாரத்திற்குக் குதிரை புதிதல்ல. ஆயினும் இங்கே சவாரி பழக வருபவர்கள் முதல் நாளே கேட்பது, லகானை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான். மரபுவழிச் சவாரியில் அதற்கு விடை கடைசியாகத்தான் வரும். வியன்னாவின் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியில் புதிய மாணவர்கள் பல மாதங்கள் லகானும், கால் வைக்கும் அங்கவடியும் இல்லாமல், பயிற்றுநர் பிடித்திருக்கும் நீண்ட கயிற்றில் சுற்றிவரும் குதிரையின்மேல் உட்கார மட்டுமே பழகுகிறார்கள்.

முதலில் இடத்தை அமைத்துக்கொள்ளுங்கள். முளை ஒன்றை அடித்து, பத்து மீட்டர் கயிற்றைக் கட்டிச் சுற்றிவந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டால், இருபது மீட்டர் குறுக்களவுள்ள வட்டம் கிடைத்துவிடும். மழை பெய்த மறுநாள் செம்மண் வழுக்கும். அன்று நடையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சேணத்தில் இரண்டு பிட்ட எலும்புகளிலும் எடை சமமாக இறங்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்குக் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்க்கோட்டில் தெரிய வேண்டும். தொடையால் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பிறகு குதிரை நடக்கும்போது அதன் வயிறு இடமும் வலமுமாக அசைவதை உங்கள் கால்களால் கவனியுங்கள். குதிரையின் இடது பின்னங்கால் முன்னே வரும்போது வயிறு வலப்புறம் ஒதுங்கும். உங்கள் இடது கெண்டைக்கால் தானாகவே உள்ளே சாயும். குதிரையிடம் அந்தப் பின்னங்காலை இன்னும் சற்று நீட்டி எடுத்து வைக்கச் சொல்வதற்கு அதுதான் வேளை. பாதம் தரையில் ஊன்றி எடையைத் தாங்கிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் குதிரை விரும்பினாலும் அதைச் செய்ய இயலாது. கண்ணை மூடிக்கொண்டு, எந்தப் பின்னங்கால் முன்னே வருகிறது என்று “இடம், வலம்” எனச் சொல்லிப் பாருங்கள். கீழே நிற்பவர் சரியா தவறா என்று சொல்லட்டும். பத்துக்கு ஒன்பது சரியாக வரும்வரை நான் யாருக்கும் லகானைக் கொடுப்பதில்லை.

பழகிய காலத்தில் நான் செய்த தவறு, அடிக்கு அடி காலால் அழுத்திக்கொண்டே இருந்தது. அந்தச் செம்பழுப்புப் பெண்குதிரை ஒரு வாரத்தில் என்னைக் கண்டுகொள்வதையே விட்டுவிட்டது. லாயத்துக் குதிரைக்காரர், “நீங்க நிறுத்தாம பேசிட்டே இருக்கீங்க சார், அது எப்ப பதில் சொல்லும்?” என்றார். குதிரை அழுத்தத்தால் கற்பதில்லை, அழுத்தம் விலகும் கணத்தில் கற்கிறது. விலக்குவது தாமதமானால், அந்த நேரத்தில் அது வேறு எதைச் செய்துகொண்டிருந்ததோ அதையே சரியென்று எடுத்துக்கொள்ளும்.

நிறுத்துவதையும் இவ்வாறே கேட்க வேண்டும். மூச்சை வெளியே விட்டு, குதிரையின் அசைவோடு இடுப்பு போவதை நிறுத்துங்கள். குதிரை நிற்கவில்லையென்றால் மட்டும், ராகிக் களி உருண்டையை நசுக்காமல் பிடிக்கும் அளவுக்கு விரல்களை மூடுங்கள். கையைப் பின்னுக்கு இழுக்க வேண்டாம். அடி தயங்கியதும் விரல்களைத் தளர்த்திவிடுங்கள். காதுகள் உங்கள் பக்கம் திரும்பினால் அது கேட்கிறது என்று பொருள். குஜராத்தின் கத்தியவார் இனக் குதிரையின் காது நுனிகள் உள்நோக்கி வளைந்திருப்பதால் பழகாத கண்ணுக்கு இது சற்றுக் குழப்பமாகத் தெரியலாம்.

இவ்வளவும் வந்த பிறகே, பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் சவாரி ஆசிரியர் கெரினியேர் செம்மைப்படுத்திய, குதிரையின் தோளை வட்டத்தின் உட்பக்கம் கொண்டுவரும் நடையைத் தொட வேண்டும். அதை நேரில் ஆசிரியரிடம் கற்பதே முறை.

அரைமணி நேரம் போதும். சரியாக நின்ற ஒரு நிறுத்தத்தோடு முடித்து, லகானை நீளமாக விட்டு நடக்கவிடுங்கள். சேணத்தைக் கழற்றியதும் முதுகைப் பாருங்கள். வியர்வைக்கு நடுவே ஓரிடம் மட்டும் உலர்ந்திருந்தால் சேணம் அங்கே அழுத்துகிறதா என்று சோதியுங்கள். தலையை உதறினால் கால்நடை மருத்துவரிடம் பற்களைக் காட்டுங்கள். முரண்டு என்று நாம் நினைப்பதில் வலியும் கலந்திருக்கலாம்.