வானிலைப் படத்தை நேரே விண்ணிலிருந்து பிடிக்கலாம்

ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்று சும்மா கிடக்கிறதா? ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற சிறிய யுஎஸ்பி ரேடியோ ஏற்பியை அதில் செருகினால் வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பும் படத்தை நீங்களே பெறலாம். பழைய வழிகாட்டிகள் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களான நோவா 15, 18, 19 ஆகியவற்றைத் தேடச் சொல்லும். அவற்றை நம்பி இரவெல்லாம் காத்திருக்காதீர்கள். மூன்றும் 2025-இல் ஓய்வுபெற்றுவிட்டன. இப்போது கைகொடுப்பவை 137 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஒலிபரப்பும் ரஷ்யாவின் மெட்டியோர் எம்2-3, எம்2-4.

ஆன்டெனாவுக்குச் செலவு செய்ய வேண்டாம். சுமார் 53 செ.மீ. நீளமுள்ள இரண்டு உலோகக் கம்பிகளை 120 பாகைக் கோணத்தில் 'வி' வடிவில் விரித்து, தரைக்கு இணையாக, திறந்த வாய் வடக்கையோ தெற்கையோ பார்க்க வையுங்கள். ஒன்றைக் கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பியிலும் மற்றதை அதைச் சுற்றியுள்ள உலோக வலைப்பின்னலிலும் இணைத்தால் முடிந்தது. வரும் சிக்னலைப் படமாக்கும் குறியவிழ்ப்பைச் சாட்டம்ப் (SatDump) என்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

எனக்கு முதலில் கிடைத்ததெல்லாம் கறுப்புப் பட்டைகள்தாம். ஆன்டெனாவைத் திட்டித் தீர்த்தேன். குற்றவாளியோ ராஸ்பெரி பையின் மின்னிரைச்சல். ஏற்பியை நேரே செருகாமல், ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியில் தள்ளி வைத்ததும் மேகங்கள் தெளிந்தன. அருகிலுள்ள எல்இடி விளக்குகளையும் சார்ஜர்களையும் அணைத்துப் பாருங்கள். செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கப் பத்துப் பதினைந்து நிமிடங்கள்தாம் ஆகும். அது எப்போது கடக்கும் என்று கணிக்க உதவும் சுற்றுப்பாதைத் தரவைச் சில நாட்களுக்கொரு முறை புதுப்பித்துவிடுங்கள்.