எலெக்ட்ரிக் கிட்டாரை இன்னொன்றுக்கு மாற்றலாமா? மலையகத்தில் புதிதாக வாசிப்பவர்களுக்கு

உங்களிடம் ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர்) மாதிரி ஒரு கிட்டார் இருக்கிறது. ஒருவர் வந்து, என்னிடம் லெஸ் பால் (கிப்சனின் மாடல்) மாதிரி ஒன்று இருக்கிறது, மேலே கொஞ்சம் காசு போட்டால் மாற்றிக்கொள்வோமா என்று கேட்கிறார். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இந்தக் கேள்வி அடிக்கடி வரும், ஏனென்றால் வரிசையாகப் பத்துக் கிட்டாரை எடுத்து வாசித்துப் பார்க்க நமக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும், அதனால் கைக்குக் கை மாறுவதுதான் இங்கே எளிதான வழி. ஆனால் உடனே சரி என்று சொல்லிவிட வேண்டாம். கீழே உள்ள வரிசையில் பாருங்கள், பலருக்குப் பாதியிலேயே விடை கிடைத்துவிடும்.

படி 1: குறை என்ன என்று எழுதுங்கள்

"சவுண்ட் நல்லா இல்லை" என்று எழுதினால் போதாது. இரைகிறதா? விரல் வலிக்கிறதா? டியூன் நிற்கவில்லையா? மேலே பத்தாவது, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் (விரல் வைக்கும் நீளக் கைப்பிடியில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கோர்ட் பிடித்தால் மட்டும் பிசகுகிறதா? பார்க்க அழகாக இல்லை என்பதுதான் காரணம் என்றால் அதையும் எழுதுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, பிடித்த கிட்டாரைத்தான் கை தினமும் எடுக்கும்.

படி 2: கையில் இருப்பதை முதலில் சரிசெய்யுங்கள்

புதுக் கம்பி போடுங்கள். நம் ஊர்ப் பனிக்கும் மழைக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கம்பியின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும். அந்தக் கம்பியை வைத்துக்கொண்டு எந்தக் கிட்டாரையும் எடைபோட முடியாது.

அடுத்து நெக், அந்த நீளக் கைப்பிடி. ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் மரம் அசையும், நெக் வளைவும் மாறும், மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை கொட்டும் காலத்தில் இது நன்றாகவே தெரியும். தடித்த ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டில் ஒரு கையாலும், நெக் உடம்போடு சேரும் இடத்தில் மறு கையாலும் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் ஏழாவது, எட்டாவது ஃபிரெட்டுக்கு மேலே விசிட்டிங் கார்ட் ஒன்று நுழையும் அளவுக்கு, சுமார் 0.25 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். நிறைய இருந்தால் நெக் முன்னுக்கு வளைந்திருக்கிறது, விரல் வலிக்கு அது ஒரு காரணம். நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடை அலன் கீயால் வலப்பக்கம் கால் சுற்று இறுக்கி, மறுபடி டியூன் செய்து பாருங்கள். ஒரே தடவையில் அதற்கு மேல் திருப்ப வேண்டாம். கை நடுங்கினால் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்வதே நல்லது.

மேலே போனால் பிசகுகிறது என்றால், போனில் டியூனரைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர்மேலே கம்பியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் (மணி போன்ற மெல்லிய ஒலி) ஒன்று அடியுங்கள், அப்புறம் அதே ஃபிரெட்டை அழுத்தி அடியுங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். அழுத்தினதன் சுருதி கூடுதலாக வந்தால் பிரிட்ஜில் (கம்பி உடம்பில் முடியும் இடம்) உள்ள சேடிலை, அதாவது கம்பி உட்காரும் சின்னத் துண்டை, பின்னுக்கு நகர்த்த வேண்டும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

படி 3: இரைச்சல்தான் காரணமா?

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஸ்ட்ராட்டை விட்டு லெஸ் பாலுக்குப் போக நினைக்கிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் காரணம் இதுதான்.

ஸ்ட்ராட்டில் இருப்பது சிங்கிள் காயில் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அந்த அதிர்வையும் காயில் பிடித்து ஆம்புக்கு (ஒலிபெருக்கிக்கு) அனுப்பிவிடும். லெஸ் பாலில் இருக்கும் ஹம்பக்கரில் இரண்டு காயில்கள் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, காந்தங்களும் எதிர்த் திசையில் வைக்கப்பட்டிருக்கும். கம்பியின் ஒலி இரண்டிலும் கூடும், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆக, ஹம்பக்கர் அமைதியானது என்பது உண்மை.

ஆனால் உங்கள் இரைச்சல் அதுதானா? நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுத் திரும்புங்கள். திசைக்குத் திசை கூடிக் குறைந்தால் பிக்கப்தான் பிடிக்கிறது. ஆம்பை விட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள், பக்கத்தில் இருக்கும் டியூப் லைட்டையும் போன் சார்ஜரையும் அணைத்துப் பாருங்கள். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை ஸ்விட்ச்சை இரண்டிலும் நான்கிலும் வையுங்கள். இப்போதைய பல ஸ்ட்ராட்களில் நடு பிக்கப்பை எதிராகச் சுற்றியிருப்பார்கள், அப்படியானால் அந்த இரண்டு இடத்திலும் இரைச்சல் பெருமளவு அடங்கும். அதுவே உங்களுக்குப் போதும் என்றால் கிட்டாரை மாற்ற வேண்டியதில்லை.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது வழமை. தொட்டால் கூடுகிறது, அல்லது விரலில் சுள்ளென்று பிடிக்கிறது என்றால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள். பழைய லயன் வீடுகளில் வயரிங் சரியான எர்த் இல்லாமல் இருப்பது உண்டு. ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் டிரிப் சுவிட்ச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வீட்டில் எந்தக் கிட்டாரை மாட்டினாலும் ஆபத்துதான், மாற்றிப் பயனில்லை.

படி 4: நீங்கள் வாசிப்பதற்கு எது பொருந்தும்?

சேர்ச்சில் சுத்தமான கோர்ட், பைலாவுக்கு வெட்டி வெட்டி அடிக்கிற ரிதம் என்றால் சிங்கிள் காயிலின் கூர்மை தனி அழகு. திருவிழா மேடையில் டிஸ்டோர்ஷன் போட்டு நீளமாக லீட் இழுக்க வேண்டும் என்றால் ஹம்பக்கர் கை கொடுக்கும்.

கைக்கும் வித்தியாசம் உண்டு. ஸ்ட்ராட்டின் ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) 25½ அங்குலம், லெஸ் பாலில் 24¾. ஒரே அளவுக் கம்பியைப் போட்டால் லெஸ் பாலில் இழுவிசை குறைவு, பெண்ட் செய்வது (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றுவது) சுலபம், சின்னக் கைக்கு ஃபிரெட்டும் எட்டும். ஆனால் லெஸ் பால் பல நேரம் 4 கிலோவுக்கு மேல் கனக்கும். தோளில் போட்டுக்கொண்டு அரை மணி நேரமாவது நின்று வாசித்துவிட்டுச் சொல்லுங்கள். இரண்டு சவுண்டும் வேண்டும் என்கிறவர்கள் யமஹா பசிபிக்கா 112 போன்றதைத் தேடுவது நல்லது, அதில் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில்.

படி 5: அவருடைய கிட்டாரைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்

லெஸ் பால் மாதிரியில் முதலில் பார்க்க வேண்டியது தலைப்பகுதி நெக்கோடு சேரும் இடம். தலை பின்னுக்குச் சாய்ந்திருப்பதால் கீழே விழுந்தால் அங்கேதான் உடையும். கம்பியைத் தளர்த்திவிட்டு, பின்பக்கம் நகத்தால் மெல்லத் தடவுங்கள். மயிரிழைக் கோடு, மேலே பூசிய மாதிரி நிற மாற்றம் தெரிந்தால் நேராகக் கேளுங்கள். நன்றாக ஒட்டின கிட்டார் வருடக்கணக்காக உழைக்கும், ஆனால் விலை அதற்கேற்பக் குறைய வேண்டும்.

அப்புறம் பிரிட்ஜ் பக்கமிருந்து நெக்கை நீளவாக்கில் பாருங்கள், முறுக்கு இருந்தால் வேண்டாம். முதல் மூன்று ஃபிரெட்டில் கம்பி படும் இடத்தில் பள்ளம் இருக்கிறதா? ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் அசைகிறதா? ஜாக், வொல்யூம், ஸ்விட்ச் எல்லாம் கரகரவென்கிறதா? ஸ்பிரே அடித்தால் போகிற கரகரப்புக்கு மனம் தளர வேண்டாம், முறுக்கின நெக்குக்குத் தளருங்கள். கிப்சன் என்று எழுதியிருந்தால் தலையில் உள்ள ட்ரஸ் ராட் மூடியைப் பாருங்கள்: அசலில் இரண்டு திருகாணி, போலிகளில் பல நேரம் மூன்று.

படி 6: சல்லிக் கணக்கு

வாங்கின விலையை மறந்துவிடுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360 அளவுக்குப் போனது, அதனால் அதற்கு முன் வாங்கிய பற்றுச்சீட்டு இரண்டு பக்கமும் ஏமாற்றும். இரண்டு கிட்டாரும் இன்று என்ன விலைக்குப் போகும் என்று ஆன்லைன் விளம்பரங்களில் பாருங்கள், கேட்கிற விலையில் கொஞ்சம் கழியுங்கள், வித்தியாசத்தோடு புதுக் கம்பி, செட்டப் கூலி, பையின் விலையையும் சேருங்கள்.

படி 7: ஒரு கிழமை மாற்றி வாசியுங்கள்

காசு கொடுக்காமல், ஒரு கிழமைக்கு மட்டும் என்று பேசி மாற்றிக்கொள்ளுங்கள். கொழும்பில் ஏசி அறையில் இருந்த கிட்டார் நுவரெலியாக் குளிருக்கு வந்ததும் நெக் அசையும், அது தெரிய நாள் வேண்டும். உங்கள் ஆம்பில், உங்கள் பாட்டுகளை வாசியுங்கள். ஒரு கிழமை தர முடியாது, இன்றே முடிக்க வேண்டும் என்று நெருக்கினால் விட்டுவிடுங்கள்.

பிடித்துப்போனால் ஒரு தாளில் இரண்டு கிட்டாரின் சீரியல் நம்பர், கொடுத்த காசு, தேதி, இருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். சீரியல் நம்பரைச் சுரண்டியிருந்தால் எவ்வளவு மலிவாக வந்தாலும் அந்தக் கிட்டார் வேண்டாம்.