வீட்டு ரவுட்டர்ல தேவையில்லாத கனெக்ஷன தடுக்குறது எப்படி?

வைஃபைல யாரோ தெரியாதவங்க ஒட்டிக்கிட்டு இருக்காங்கன்னு சந்தேகம் வந்தா நிறைய பேர் அந்த டிவைஸ மட்டும் பிளாக் பண்ணிட்டு விட்டுடறாங்க. அது பத்தாதுங்க. பிளாக் பட்டன் மேக் அட்ரஸ (ஒவ்வொரு டிவைஸையும் நெட்வொர்க்ல அடையாளம் காட்டுற நம்பர்) பாத்துதான் தடுக்குது, ஆனா ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததுல இருந்தே போன்லாம் நிஜ அட்ரஸ மறைச்சு வேற ஒண்ண காட்டும், அந்த ஆளு ஒரு ஆப்ஷன மாத்தினாலே மறுபடி உள்ள வந்துடுவாரு. வைஃபை பாஸ்வேர்ட மாத்துறதுதான் உருப்படியான வழி.

பிரவுசர்ல 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1 அடிங்க, ரெண்டும் வரலைன்னா போன்ல வைஃபை விவரத்துல கேட்வேன்னு இருக்கிற நம்பர போடுங்க. உள்ள போனதும் முதல் வேலை, அட்மின் பாஸ்வேர்ட (ரவுட்டர் செட்டிங்க்ஸுக்குள்ள போறதுக்கான பாஸ்வேர்ட், வைஃபை பாஸ்வேர்ட் இல்ல) மாத்துங்க. கனெக்டட் டிவைஸ் லிஸ்ட்ல புரியாத பேர் இருந்தா உடனே பயப்பட வேணாம், டிவி, பல்புனு ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணி எந்த பேர் காணாம போகுதுன்னு பாத்தாலே பாதி தெளிஞ்சுடும். அப்புறம் வைஃபை பாஸ்வேர்ட நீளமா வச்சு செக்யூரிட்டி வகைல டபிள்யூபிஏ2 இல்லன்னா டபிள்யூபிஏ3 செலக்ட் பண்ணுங்க. டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்ட் அடிக்காம பட்டன் இல்லன்னா பின் நம்பர் வச்சு கனெக்ட் பண்ற வசதி) கண்டிப்பா ஆஃப். அதோட 8 இலக்க பின் நம்பர ரெண்டு பாதியா பிரிச்சு சரிபாக்குறதால அதிகபட்சம் 11,000 தடவை முயற்சி பண்ணினா கண்டுபிடிச்சுடலாம், அப்புறம் பாஸ்வேர்ட் எவ்ளோ நீளமா இருந்து என்ன?

இப்ப வெளிய இருந்து வர்றது. நீங்களா கேக்காத கனெக்ஷன ரவுட்டர் பொதுவா உள்ள விடாது, ஆனா யுபிஎன்பி (டிவைஸ் தானாவே ரவுட்டர்ல வழி திறந்துக்க விடுற வசதி) ஆன்ல இருந்தா உள்ள இருக்கிற கேமராவோ வேற எதுவோ உங்ககிட்ட கேக்காமலே போர்ட்ட (வெளிய இருந்து உள்ள வர்ற வாசல் மாதிரி) திறந்து வச்சுடும். 2016ல மிராய்னு ஒரு மால்வேர் வெளிய தெரிஞ்ச கேமரா, ரவுட்டரெல்லாம் டெல்நெட் (தூரத்துல இருந்து டிவைஸுக்குள்ள லாகின் பண்ற பழைய முறை) வழியா, கம்பெனி போட்ட பாஸ்வேர்ட வச்சே புடிச்சுது. அதனால யுபிஎன்பியும் ரிமோட் மேனேஜ்மென்ட்டும் (வெளிய இருந்து ரவுட்டர் செட்டிங்க்ஸ மாத்த விடுற வசதி) ஆஃப் பண்ணிடுங்க, போர்ட் ஃபார்வர்டிங்ல (கையால திறந்து வச்ச போர்ட் லிஸ்ட்) பழசு இருந்தா அழிங்க. கேம் கன்சோல் தகராறு பண்ணினா அதுக்கு வேண்டிய போர்ட்ட மட்டும் கையால திறந்து விடுங்க. ஐபிவி6 (புது வகை இன்டர்நெட் அட்ரஸ் முறை) இருந்தா அதோட ஃபயர்வால் (வெளிய இருந்து வர்றத தடுக்குற காவல்) ஆன்ல இருக்கான்னும் பாருங்க, அத நிறைய பேர் மறந்துடறாங்க.

உள்ள இருந்து வெளிய போறதையும் தடுக்கலாம். கேமராவுக்கு ஒரே ஐபி வர்ற மாதிரி ரிசர்வ் பண்ணிட்டு ஆக்சஸ் கன்ட்ரோல்ல அதுக்கு இன்டர்நெட்ட நிறுத்துங்க, ஆனா அப்புறம் வெளியூர்ல இருந்து ஆப்ல பாக்க முடியாது, யோசிச்சு பண்ணுங்க. ரவுட்டரோட டிஎன்எஸ்ல (சைட் பேர அதோட நம்பரா மாத்தி தர்ற சேவை) குவாட்9 சேவையோட நம்பரான 9.9.9.9 போட்டா தெரிஞ்ச மால்வேர் சைட்டெல்லாம் எல்லா டிவைஸுக்கும் சேத்து அடைபடும், சொந்தமா டிஎன்எஸ் வச்சுருக்கிற டிவைஸ் மட்டும் இதுக்கு தப்பிச்சுடும்.

எல்லாம் சேவ் பண்ணி ரீஸ்டார்ட் ஆனதும் உங்க பப்ளிக் ஐபிய (இன்டர்நெட்ல உங்க கனெக்ஷனுக்கு இருக்கிற நம்பர்) குறிச்சுக்கிட்டு, போன்ல வைஃபைய அணைச்சு மொபைல் டேட்டால அந்த நம்பர பிரவுசர்ல அடிச்சு பாருங்க, லாகின் பேஜ் வந்துச்சுன்னா ரிமோட் மேனேஜ்மென்ட் இன்னும் ஆன்லதான் இருக்கு.