கருப்பை வாய் நீளத்தை உள்ஸ்கேனில் அளப்பது எப்படி? புதிதாகத் தொடங்கும் மருத்துவர்களுக்கு

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஸ்கேன் அறையில் புதிதாக உட்காரும் இளம் மருத்துவர்களுக்காக எழுதுகிறேன். குழந்தையின் தலைச் சுற்றளவு, தொடை எலும்பு, பனிநீர் எல்லாம் அளக்கப் பழகியிருப்பீர்கள். ஆனால் குறைமாசப் பிரசவம், அதாவது 37 வாரம் நிறையும் முன் பிள்ளை பிறப்பது, வருமா என்பதற்கு அவற்றில் விடை கிடையாது. கருப்பை வாயின் நீளத்தைத்தான் உள்ஸ்கேனில், அதாவது யோனிக்குள் கருவியை வைத்துப் பார்க்கும் ஸ்கேனில், பார்க்க வேண்டும். வாய் குட்டையாகக் குட்டையாக ஆபத்து கூடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அளவில் புதியவர்கள் செய்கிற பிசகு அநேகமாக எல்லாமே ஒரே பக்கம்தான் சாயும். குட்டை வாயை நீளமாகக் காட்டும். நாமும் 'நார்மல்' என்று எழுதி அனுப்பிவிடுவோம். ராமேஸ்வரத்துப் பெண்ணுக்கு 27 வாரத்தில் ராத்திரி வலி எடுத்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே ஏறக்குறைய 55 கி.மீ. போக வேண்டும். மதுரை என்றால் அங்கிருந்து இன்னும் நூறு கி.மீ.க்கு மேல்.

முதல் படி: யாருக்கு, எப்போது

முன்பு தானாக வலி வந்தோ பனிக்குடம் உடைந்தோ குறைமாசத்தில் பெற்றவர், நாலைந்து மாதத்தில் கரு நழுவியவர், கருப்பை வாயில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், கருப்பை வடிவத்தில் பிறவிக் குறை உள்ளவர். தாய் சேய் அட்டையில் இந்த வரலாறு பாதிதான் இருக்கும். "முதல் பிள்ளை எத்தனையாவது மாசம் பொறந்துச்சு, வலி தானா வந்துச்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். 'அபார்ஷன்' என்ற ஒரே சொல்லில் ஆறு வாரமும் அடங்கும், இருபது வாரமும் அடங்கும்.

முன்பு குறைமாசம் ஆனவருக்கு 16 வாரத்தில் தொடங்கி 24 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அளவு 25 முதல் 29 மி.மீ.க்குள் வந்துவிட்டால் வாரா வாரம். 16க்கு முன்னால் வாய் எங்கே முடிகிறது, கருப்பையின் கீழ்ப்பகுதி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அவசரப்பட வேண்டாம்.

இரண்டாம் படி: சிறுநீர்ப்பை காலி

நம் ஊரில் ஸ்கேன் என்றாலே தண்ணீர் குடித்து மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வருவது பழக்கம். பாம்பனில் பஸ் ஏறும்போதே ஒரு பாட்டிலைத் திறந்து, உச்சிப்புளி தாண்டுவதற்குள் காலி செய்துவிட்டு நெளிந்துகொண்டே வருவார்கள். இந்த ஸ்கேனுக்கு அது நேர் எதிர். நிறைந்த பை கருப்பை வாயை அழுத்தி நீட்டிவிடும், திறந்திருக்கும் உள்வாயையும் (கருப்பைப் பக்கத்துத் திறப்பு; யோனிப் பக்கத்துத் திறப்பு வெளிவாய்) மூடிக் காட்டும். "பாத்ரூம் போயிட்டு வந்துருங்கம்மா" என்று அனுப்பிவிட்டு, வந்தவுடன் அளங்கள். அரை மணி நேரம் காக்க வைத்தால் பை மறுபடி நிறைந்துவிடும்.

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனிலும் இதே தொல்லை இருக்கிறது, அதை நம்பி எண் எழுதாதீர்கள்.

மூன்றாம் படி: சம்மதம்

மாமியார்தான் கேட்பார்: "உள்ள விட்டுப் பாத்தா புள்ளைக்கு ஆகாதாமே, டாக்டரம்மா?" கருவி கருப்பை வாயைத் தொட்டும் தொடாமலும் நிற்கும், அதைத் தாண்டி உள்ளே போகாது என்று கருவியைக் கையில் காட்டியே சொல்லுங்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தாலும் பக்குவமாகச் செய்யும் உள்ஸ்கேனால் ஆபத்தில்லை. ஒரு பெண் ஊழியர் கூடவே நிற்கட்டும், கதவு சாத்தியிருக்கட்டும். பனிநீர் கசிகிறது என்று சொன்னால் மட்டும் கருவியை எடுக்காமல் மகப்பேறு மருத்துவரை முதலில் கூப்பிடுங்கள். கர்ப்பிணி ஸ்கேனுக்குச் சட்டப்படி நிரப்பும் எஃப் படிவம் இதற்கும் உண்டு. ஆணா பெண்ணா என்ற கேள்விக்குப் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கேயும் பதில் கிடையாது.

நான்காம் படி: படம்

நேரம் எடுக்க வேண்டியது இங்கேதான். ஆணுறை மாட்டிய கருவியை யோனியின் முன்பக்க மடிப்பில் வைத்து, நெடுக்குவாட்டில் வாய் முழுவதும் தெரியும்படி பிடியுங்கள். இப்போது கருவியை மெதுவாகப் பின்னால் இழுங்கள், படம் மங்கும் வரை. பிறகு தெளிவு வரும் அளவுக்கு மட்டும் ஒரு நூல் உள்ளே தள்ளுங்கள். இந்த இழுத்துத் தள்ளுவதைத் தவறவிட்டால் கை அழுத்தமே வாயை நீட்டிவிடும். அழுத்தம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: கருப்பை வாயின் முன் உதடும் பின் உதடும் ஒரே தடிமனாகத் தெரிய வேண்டும். முன் உதடு ஒடுங்கிப் பின் உதடு பருத்திருந்தால் நீங்கள் அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

படத்தைப் பெரிதாக்கித் திரையில் முக்கால் பங்கை வாய் அடைக்கும்படி வையுங்கள். நடுவில் ஓடும் கால்வாயும் அதன் இரு பக்கச் சளிச் சவ்வும் உள்வாயிலிருந்து வெளிவாய் வரை தெரிய வேண்டும். அந்தச் சவ்வு எங்கே முடிகிறதோ அதுதான் உள்வாய். அதற்கு மேலே கருப்பைச் சுவர்கள் சுருங்கி ஒட்டி நின்றால் வாய் ஐந்து, ஆறு செ.மீ. நீளம் போலத் தோன்றும். அப்படி ஒரு நீளத்தைப் பார்த்தால் சந்தோஷப்படாமல் சில நிமிடம் பொறுங்கள், சுருக்கம் விட்டதும் உண்மை தெரியும்.

ஐந்தாம் படி: அளவு

உள்வாய்க்கும் வெளிவாய்க்கும் நடுவே நேர்கோடு. கால்வாய் வளைந்திருந்தால் கலங்க வேண்டாம், வளைந்த வாய் பெரும்பாலும் நீளமான வாய்தான். குட்டை வாய் நேராகவே இருக்கும்.

மூன்று முதல் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே மூன்று முறை அளங்கள். கருப்பையின் உச்சியில் கையை வைத்துப் பதினைந்து விநாடி மெல்ல அழுத்திப் பாருங்கள், மூடியிருந்த உள்வாய் சில பேருக்கு அப்போதுதான் புனல் போல விரியும். புனல் விரிந்திருந்தால் அதன் நுனியிலிருந்து வெளிவாய் வரை, மூடியிருக்கும் பகுதியை மட்டும் எடுங்கள். கிடைத்த நல்ல அளவுகளில் மிகக் குறைந்ததை எழுதுங்கள். சராசரி போடக் கூடாது.

அறிக்கை இப்படி இருக்கலாம்: '20 வாரம் 3 நாள். உள்ஸ்கேன், சிறுநீர்ப்பை காலி. 24, 22, 21 மி.மீ.; அழுத்தியபோது 18, புனல் உண்டு. ஏற்ற அளவு 18 மி.மீ.'

ஆறாம் படி: எண் கையில் வந்த பிறகு

1996-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய 3000 பெண்களிடம் எடுத்த அளவுகளில், 24 வாரத்தில் சராசரி நீளம் 35 மி.மீ. பக்கம் இருந்தது. 24 வாரத்துக்குள் 25 மி.மீ. அல்லது அதற்குக் கீழே என்றால் குட்டை. அதற்காக நாளைக்கே பிரசவம் என்று பயமுறுத்தாதீர்கள். குட்டை வாயோடு நிறைமாதம் காண்பவர்களும் நிறையப் பேர்.

அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் போனில் பேசுங்கள், சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினால் போதாது. ஒற்றைக் கரு, முன்பு குறைமாசம், இப்போது 25க்குக் கீழே என்றால் கருப்பை வாயில் தையல் போடுவது பற்றி அவர் யோசிப்பார். மும்பையைச் சேர்ந்த மருத்துவர் ஷிரோத்கர் 1955-ல் வெளியிட்ட தையல் முறை இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. முன்வரலாறு இல்லாமல் வாய் மட்டும் குட்டை என்றால் இரவில் யோனியில் வைக்கும் புரோஜெஸ்டிரோன், வழக்கமாக 200 மி.கி. இரட்டைக் கருவுக்கு இதே கணக்கை அப்படியே போடக் கூடாது.

'முழுசா படுத்தே கிடங்க' என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். படுக்கை ஓய்வு குறைமாசத்தைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். பாசி எடுத்துப் பிழைக்கிற பெண்ணுக்கு வருமானமும் போகும். நுரையீரல் முதிர்ச்சிக்கான ஸ்டீராய்டு ஊசியும் 20 வாரத்தில் வேண்டாம். 24 முதல் 34 வாரத்துக்குள், ஒரு வாரத்தில் பிரசவம் ஆகிவிடும் என்று தோன்றும்போது போடுவது அது.

அப்புறம் போக்குவரத்து. இடுப்பு வலி, அடிவயிறு இறுகல், நீர் கசிவு, ரத்தம் - எதுவானாலும் 108. ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் வலிக்குக் காத்திராமல் முன்கூட்டியே தீவை விட்டு ராமநாதபுரம் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லுங்கள். கிராம சுகாதாரச் செவிலியருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், கணவர் கடலுக்குப் போயிருக்கும் நாளில் அவர்தான் போனை எடுப்பார்.

24 வாரம் வரை அளவு 30க்குக் கீழே இறங்கவே இல்லையா? சரி, இந்த ஸ்கேனை அத்தோடு நிறுத்திவிட்டு வழக்கமான பரிசோதனைகளைத் தொடருங்கள்.