மலை வெயிலுக்குப் பூண்டு மஞ்சள் பால்

கொடைக்கானல் வெயில் உறைக்காது. முகம் கருத்த பிறகுதான் தெரியும். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும்; கொடை 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தோட்டத்தில் குனிந்து பூண்டு பிடுங்குகிறவர்களின் பின்கழுத்தைப் பாருங்கள், புரியும்.

இந்தக் கதிர் தோல் செல்லுக்குள், செல்லைச் சிதைக்கும் ஃப்ரீ ராடிக்கல்களைக் கிளப்பிவிடும். மஞ்சளிலுள்ள குர்குமினும் பூண்டின் கந்தகச் சேர்மங்களும் அவற்றை அடக்குவது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. பக்குவம் தவறினால் பாலில் வாசம்தான் மிஞ்சும்.

இரண்டு பேருக்கு: பால் 300 மில்லி, தண்ணீர் 100 மில்லி, மலைப்பூண்டு 6 பல், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், மிளகு 8, பனங்கற்கண்டு 2 டீஸ்பூன்.

பூண்டை உரித்து நசுக்கி 10 நிமிடம் அப்படியே வையுங்கள். இதை மட்டும் விடாதீர்கள். நசுக்கும்போதுதான் பூண்டிலுள்ள நொதி வேலை செய்து அல்லிசின் என்ற கந்தகச் சேர்மத்தை உண்டாக்கும். முழுப் பல்லை நேரே கொதியில் போட்டால் நொதி செத்துவிடும். பிறகு தண்ணீரில் குழைய வேகவிட்டு, பாலும் மஞ்சளும் சேர்த்து, சிறுதீயில் 5 நிமிடம். கொழுப்பு நீக்காத பாலே வேண்டும், குர்குமின் தண்ணீரில் கரையாது. மிளகை அப்போதே தட்டிப் போடுங்கள். அதன் பைப்பரின் இல்லாவிட்டால் குர்குமின் உடம்பில் சேருவது மிகக் குறைவு. இறக்கி ஆறவிட்டுக் கற்கண்டைச் சேருங்கள். கொதிக்கும்போது போட்டால் பால் திரிந்துபோகலாம். மஞ்சளுக்கு விரலி வாங்கி அரைப்பதே நல்லது. கடைத்தூளில் நிறத்துக்காக ஈயக் கலப்படம் செய்வதுண்டு.

தொப்பி, முழுக்கை, சன்ஸ்கிரீன் ஆகியவற்றுக்கு இது மாற்றில்லை. பச்சைப் பூண்டைத் தோலில் தேய்க்கவே தேய்க்காதீர்கள், வெந்து கொப்பளிக்கும்.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களின் தோல் புண்ணுக்கு, 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் தினம் 6 கிராம் குர்குமின் கொடுத்தார்கள்; புண்ணின் கடுமை குறைந்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அரை டீஸ்பூன் மஞ்சளில் இருப்பதோ ஏறக்குறைய 50 மில்லிகிராம். அந்த 6 கிராமை எட்ட மாத்திரையாக வாங்கி விழுங்காதீர்கள்: புற்றுக்கட்டியையும் அது கதிரிலிருந்து காத்துவிடலாம் என்ற கவலை மருத்துவர்களுக்கு உண்டு. சிகிச்சையில் இருப்பவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் இந்தப் பாலைக்கூட மருத்துவரிடம் சொல்லிவிட்டே குடியுங்கள்.